வருகைப் பதிவா? கற்றல் பதிவா?

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் துறை

கற்பவர் தோன்றிய நாள்முதலே கற்பவரைப் பற்றிய கணக்கும் இருந்து வருகிறது. 1823-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த காம்ப்பெல், தம் மாவட்டத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில், பெருமைக்கு அடையாளமாகக் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில், புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி. மூன்றாவதாக வருபவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்.

இந்தப் பதிவில் ஒரு குறை உண்டு. ஒரு சிறப்பும் உண்டு. யார் எப்போது வந்தான் என்பதை அது சொல்லும். யார் என்ன கற்றான் என்பதைச் சொல்லாது. இது குறை. ஆனால் அந்தப் பதிவு மாணவனின் கையிலேயே இருந்தது. அவன் காணாத கணக்கு எதுவும் அவனைப் பற்றி எழுதப்படவில்லை. இது சிறப்பு.

இன்று பாடங்கள் இணையத்தில் ஏறிவிட்டன. பயிற்சித் தளத்தில் மாணவர் எந்த நாளில், எந்த மணியில் நுழைந்தார், எந்தப் பாடத்தைத் திறந்தார், எந்த வினாவுக்கு எத்தனை முறை விடையளித்தார் என்பவற்றையெல்லாம் கணிப்பொறி ஓய்வின்றி எழுதிக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்தினால் அது அறிக்கையாக வந்து நிற்கிறது. இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பழைய குறை அப்படியே இருக்கிறது. பழைய சிறப்போ மறைந்துவிட்டது என்பதே என் கருத்து. அதை இங்கே என் சக மாணவர்களின் முன்னும் பேராசிரியப் பெருமக்களின் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

இயந்திரக் கணக்குப்பிள்ளை

கணிப்பொறியைக் கொண்டு பாடம் நடத்தும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1960-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் என்பவரின் முயற்சியால் ‘பிளேட்டோ’ என்னும் அமைப்பு உருவாயிற்று. மாணவர் அளிக்கும் விடைகளை அது வாங்கிப் பதிந்துகொண்டது. ஆக, கணிப்பொறி ஆசிரியராக அமர்ந்த நாள்தொட்டே கணக்குப்பிள்ளையாகவும் இருந்து வருகிறது.

இன்று உலகெங்கும் பல கல்லூரிகள் ‘மூடுல்’ என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் உருவாக்கி, 2002-இல் முதற்பதிப்பாக வெளியிட்டு, யாரும் விலையின்றி எடுத்தாளலாம் என்று உலகுக்கு வழங்கியது அது. அதன் பதிவேட்டைத் திறந்தால் வரிசை வரிசையாகக் காணப்படுபவை: நேரம், மாணவர் பெயர், பாடப்பகுதி, நடந்த செயல், எந்த இணைய எண்ணிலிருந்து வந்தது என்னும் விவரம். பார்க்க மிகத் துல்லியமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கம் திறக்கப்பட்ட நேரம் அதில் உண்டு. படித்து முடித்த நேரம் இல்லை. ஒருவர் எவ்வளவு நேரம் படித்தார் என்று அறிய விரும்புவோர், ஒரு சொடுக்குக்கும் அடுத்த சொடுக்குக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கழித்துப் பார்த்து ஊகிக்கிறார்கள். அந்த இடைவேளையில் அவர் பாடத்தில் மூழ்கியிருந்தாரா, தேநீர் அருந்தப் போயிருந்தாரா என்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

பயிற்சிப் பாடங்களுக்கென அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் ‘ஸ்கார்ம்’ என்னும் பொது விதிமுறை ஒன்று வகுக்கப்பட்டது. 2001-இல் வந்த அதன் பதிப்பில், ஒரு பாடத்தில் மாணவரின் நிலையைக் குறிக்க ஆறே சொற்கள்தாம் உண்டு: தேறினார், தவறினார், முடித்தார், முடிக்கவில்லை, புரட்டிப் பார்த்தார், தொடங்கவே இல்லை. ஒரு மனிதனின் கல்வி அனுபவம் முழுவதும் இந்த ஆறில் ஒன்றுக்குள் அடங்கிவிட வேண்டும்! ‘புரிந்துகொண்டார்’ என்னும் சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ‘முடித்தார்’ என்பதும்கூடப் பாடத்தைத் தயாரித்தவர் எதை முடிவு என்று வைத்தாரோ அதுதான். கடைசிப் பக்கத்தைத் தொட்டால் போதும் என்று அவர் வைத்திருந்தால், தொட்டவரெல்லாம் முடித்தவரே.

இந்தக் குறையை உணர்ந்து, 2013-இல் ‘எக்ஸ்ஏபிஐ’ என்னும் புதிய விதிமுறை வந்தது. அதன்படி மாணவரின் ஒவ்வொரு செயலும் ஒரு வாக்கியமாக எழுதப்படுகிறது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்! நம் தமிழாசிரியர்கள் மகிழ்ச்சியடைவார்கள். எழுவாயில் ஐயமில்லை, செயப்படுபொருளிலும் ஐயமில்லை. சிக்கல் எல்லாம் பயனிலையில்தான். ‘திறந்தார்’ என்பது இயந்திரம் கண்டறியக்கூடிய பயனிலை. ‘கற்றார்’ என்பது அப்படியன்று. திறந்தார் என்று எழுத வேண்டிய இடத்தில் கற்றார் என்று நாம் படித்துவிடுகிறோம். பிழை இயந்திரத்தினுடையதன்று, படிப்பவருடையது.

பதிவேட்டால் விளைந்த நன்மை

இதனால் பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டா. முறையாகப் படித்தால் அது பெரும் பயன் தருவது.

ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடங்களின் முதலாண்டு விவரங்கள் 2014-இல் வெளியாயின. 17 பாடங்களுக்கு வந்த பதிவுகள் 8,41,687. சான்றிதழ் பெற்றவை 43,196. நூற்றுக்கு ஐந்துதான்! இந்த ஓர் எண்ணோடு நிறுத்திக்கொண்டு “இணையவழிக் கல்வி தோற்றது” என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் பதிவேட்டை இன்னும் நெருங்கிப் பார்த்தபோது வேறு செய்திகள் தெரிந்தன. 2,92,852 பேர் பாடத்தைத் திறக்கவே இல்லை. 4,69,702 பேர் பாதிக்கும் குறைவாகப் பார்த்தனர். 35,937 பேர் பாதியோ அதற்கு மேலோ பார்த்தும் சான்றிதழ் வாங்கவில்லை. இவர்களைத் தோற்றவர் என்பதா? நூலகத்துக்குப் போய், வேண்டிய அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்புகிறவர் தோற்றவரா? ஒரே எண் மறைத்ததை விரிவான பதிவேடு வெளிப்படுத்தியது.

அதே 2014-இல் மற்றோர் ஆய்வும் வந்தது. நான்கு பாடங்களில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 இலட்சம் நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். ஆறு நிமிடத்துக்குக் குறைவான வீடியோக்களே மாணவரை இறுதிவரை பிடித்து வைத்தன. நீளமானவற்றைப் பலர் பாதியிலேயே விட்டுவிட்டனர். இந்த ஆய்வு மாணவர்க்குத் தண்டனை தரவில்லை. பாடம் தயாரிப்போர்க்கு அறிவுரை தந்தது. “உங்கள் மாணவர் சோம்பேறிகள்” என்று அது சொல்லவில்லை. “உங்கள் பாடம் நீளம்” என்று சொல்லிற்று.

பதிவேட்டின் உண்மையான இடம் இதுதான் என்பேன். ஒரு வகுப்பில் அறுபது பேரில் ஐம்பது பேர் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், குறை அந்த ஐம்பது பேரிடமா இருக்கும்? கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர் முகங்களைப் பார்த்து இதை அறிந்துகொள்வார். முகம் காணாத இணைய வகுப்பில் அந்த வேலையைப் பதிவேடு செய்யலாம்.

“உள்ளேன் ஐயா!”

ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது என்ன? பதிவேடு பாடத்தை அளக்கப் பயன்படுவதில்லை; மாணவரை அளக்கவே பயன்படுகிறது.

வகுப்பில் வராத நண்பனுக்காக “உள்ளேன் ஐயா” என்று குரல் மாற்றிச் சொல்லும் கலையை நம்மில் அறியாதார் யார்? இணையத்திலும் அதே நாடகம் நடக்கிறது. வீடியோவை ஓடவிட்டு, ஒலியை அடக்கி, கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குகிறவரின் கணக்கில் நூறு விழுக்காடு ஏறுகிறது. பார்த்த நேரத்துக்கு மதிப்பெண் என்று அறிவித்தால் மாணவர் நேரத்தைத்தான் தருவார்; கருத்தைத் தரமாட்டார்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. விடுதியில் என் வகுப்புத் தோழர் நால்வர் ஒரே கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து பாடம் கேட்பார்கள். ஒருவரிடம்தான் அன்றைக்குத் தரவு மிச்சமிருக்கும். நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள், ஒருவர்க்கொருவர் விளக்கிக்கொள்வார்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். கற்றவர் நால்வர், பதிவேட்டில் ஒருவர். ஊரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவி ஒருவர், கல்லூரி நூலகத்தில் பாடத்தைப் பதிவிறக்கிக்கொண்டு, இணையம் எட்டாத தம் வீட்டில் இரவில் படிப்பார். அவருடைய கணக்கில் ஒரே ஒரு சொடுக்கு. அக்காளும் தம்பியுமாக ஒரே கைப்பேசியில் படிக்கும் வீடுகளும் உண்டு. தம்பிக்கு ஆறு மணி வகுப்பென்றால் அக்காள் அந்த நேரத்தில் ‘வரவில்லை’.

இவர்களெல்லாம் யார்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். தனி அறையும் தனிக் கருவியும் தடையில்லா இணைப்பும் உள்ளவரின் படிப்புப் பதிவேட்டில் முழுமையாகத் தெரிகிறது. இவை இல்லாதவரின் படிப்பு பாதிதான் தெரிகிறது. ஆகவே பதிவேட்டைக் கொண்டே தரம் பிரித்தால், உழைப்பை அளப்பதாக எண்ணிக்கொண்டு வசதியை அளந்துவிடுவோம். அரசு கலைக் கல்லூரியில் இதைவிடப் பெரிய அநீதி வேறு உண்டோ?

டார்ட்மத் தரும் பாடம்

இது நம் ஊர் ஏழை மாணவரின் சிக்கல் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற டார்ட்மத் கல்லூரியின் மருத்துவப் பிரிவில் 2021-இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்கள் இணையவழியில் தேர்வெழுதினர். பாடநூலைப் பார்க்கக் கூடாத தேர்வு. பின்னர் ‘கேன்வாஸ்’ என்னும் பயிற்சித் தளத்தின் பதிவேட்டை நிர்வாகம் ஆராய்ந்தது. தேர்வு நேரத்தில் சில மாணவர்களின் கணக்கிலிருந்து பாடப் பக்கங்கள் திறக்கப்பட்டதாக அதில் இருந்தது. 17 மாணவர்கள் மீது ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. நாளைய மருத்துவர்களின் எதிர்காலமே ஆட்டம் கண்டது.

உண்மை என்ன? ஒரு மாணவர் முன்னரே திறந்து வைத்த பாடப் பக்கம், அவருடைய வேறொரு கருவியில் மூடப்படாமல் இருந்தால், அந்தக் கருவி தானாகவே தளத்தோடு தொடர்புகொண்டு பக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். மனிதர் யாரும் தொடாமலே பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிடும். மேசையில் கிடந்த கைப்பேசி, மாணவருக்காக “உள்ளேன் ஐயா” என்று குரல் கொடுத்திருக்கிறது! இது செய்தித்தாளில் வெளிவந்து, உரிமை அமைப்புகளும் குரல் எழுப்பிய பிறகு, 2021 ஜூன் மாதத்தில் எல்லாக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. மருத்துவப் பிரிவின் முதல்வர் மாணவர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியில் என் நெஞ்சைத் தைத்தது ஒன்று. தங்கள் பதிவேடு முழுவதையும் பார்த்துப் பதில் கூறப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று அந்த மாணவர்கள் முறையிட்டனர். தம்மைப் பற்றிய ஏட்டைத் தாம் காணாமலே தண்டனைக்கு நின்றார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்காவது தன் உள்ளங்கை தெரிந்தது!

நம் கல்லூரிகளில்

நமக்கும் இது தொலைவில் உள்ள செய்தியன்று. 2003-இல் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டெல் பாடங்கள் நமக்குப் பழக்கமானவை. 2017 ஜூலை 9-ஆம் நாள் ‘சுவயம்’ தளம் தொடங்கி வைக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வழியே பயில இடம் தருகின்றன. 2022 மார்ச் 1-ஆம் நாள் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. நம் பட்டத்தின் ஒரு பகுதி இனி இயந்திரத்தின் ஏட்டைச் சார்ந்தே இருக்கும்.

இங்கே என்.பி.டெல் பாடங்களின் மதிப்பீட்டு முறையைப் பாராட்ட வேண்டும். வாரந்தோறும் செய்யும் பயிற்சிகளுக்கு 25, நேரில் மேற்பார்வையுடன் எழுதும் தேர்வுக்கு 75 என்று அது பிரிக்கிறது. வீடியோவை எத்தனை மணி நேரம் பார்த்தீர் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அறிந்ததை அளக்கிறது, அமர்ந்ததை அளக்கவில்லை. இந்த நெறியை எல்லாப் பயிற்சிகளும் பின்பற்றலாகாதா?

ஓர் ஐயமும் விடையும்

“கண்காணிப்பு இல்லையென்றால் மாணவர் படிப்பாரா? 75 விழுக்காடு வருகை வேண்டும் என்று வகுப்பறையில் விதி இருப்பது போல, இணையத்திலும் இருக்க வேண்டாமா?” என்று நம் பேராசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படிக்காமல் காலம் கழிப்போர் நம்மிடையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் வகுப்பறை வருகைக்கும் இணையப் பதிவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் மாணவரின் முகத்தைப் பார்த்துப் பெயரைக் குறிக்கிறார். பிழை நேர்ந்தால் அங்கேயே எழுந்து நின்று “ஐயா, வந்திருக்கிறேன்” என்று சொல்லலாம். மருத்துவச் சான்று தரலாம். குறைந்த வருகைக்குக் காண்டனேஷன் கட்டவும் வழியுண்டு. இயந்திரம் எழுதிய வரிக்கு எதிராக எங்கே எழுந்து நிற்பது? யாரிடம் சொல்வது? வகுப்பறைப் பதிவேட்டில் கேள்விக்கு இடம் இருக்கிறது. இயந்திரப் பதிவேட்டிலும் அந்த இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மேலும், ஒரு மாணவர் இரண்டு வாரம் தளத்தில் நுழையவில்லை என்று அறிக்கை சொன்னால், அது குற்றச்சாட்டு அன்று, ஒரு செய்தி. வீட்டில் நோயோ, கூலி வேலையோ, கைப்பேசி பழுதோ, மனச் சோர்வோ இருக்கலாம். “ஏன் வரவில்லை?” என்று அதட்டுவதற்கும் “என்னப்பா, நலமா?” என்று விசாரிப்பதற்கும் அதே அறிக்கைதான் ஆதாரம். கேட்கும் குரல்தான் வேறு.

செய்ய வேண்டியவை

குறை கூறுவதோடு நின்றுவிடாமல், என் சிற்றறிவுக்கு எட்டிய சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மாணவரும் தம் பதிவேட்டைத் தாமே பார்க்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. மூடுல் மென்பொருளின் பாட அமைப்பில், செயல் அறிக்கையை மாணவர்க்குக் காட்டலாமா என்று ஒரு தெரிவு இருக்கிறது. ஆசிரியர் ‘ஆம்’ என்று வைத்தால் மாணவர் தம் அறிக்கையைப் பார்க்கலாம். ஒரு சொடுக்கு! தன் கணக்கைத் தானே காணும் மாணவன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளவும் கூடும்.

இரண்டாவது, பதிவேட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்டு மதிப்பெண்ணையோ தண்டனையையோ முடிவு செய்யக் கூடாது. ஐயம் எழுந்தால் மாணவரை அழைத்து, பதிவேட்டை அவர் முன் வைத்து, அவர் சொல்வதைக் கேட்டபின்பே முடிவுக்கு வர வேண்டும். ஐந்து நிமிடம் வாய்மொழியாக வினவினால் படித்தவர் யார் என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது, நான்கு பேர் கூடிப் படித்தால் அதையும் படிப்பாக ஏற்க வேண்டும். எழுதிய குறிப்பேட்டைக் காட்டினால் அதற்கும் மதிப்புத் தர வேண்டும். நூலகத்தின் கணிப்பொறிகளை மாலையில் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் பலருடைய ‘வராத’ கணக்கு நேராகிவிடும்.

நான்காவது, ஒவ்வொரு பருவ முடிவிலும் துறைதோறும் அறிக்கையைப் பெயர் நீக்கிப் படித்து, எந்தப் பாடத்தில் மாணவர் தேங்கினர் என்று பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர்க்கு அந்தப் பாடம் எளிதாகும்.

ஐந்தாவது, இந்த ஏடுகள் எவ்வளவு காலம் வைக்கப்படும், யார் யார் பார்ப்பார்கள் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தம்மைப் பற்றிய தரவின் சுருக்கத்தைக் கேட்டறிவதும் பிழையைத் திருத்தக் கோருவதும் உரிமை என்னும் கொள்கையை ஏற்றிருக்கிறது. நாடு ஏற்ற நெறியை நம் வகுப்பும் ஏற்கட்டும்.

முடிவாக

மாணவத் தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. ஓடவிட்ட வீடியோவும் பிறருக்காக அழுத்திய சொடுக்கும் பதிவேட்டைப் பொய்யாக்குகின்றன. உண்மையாகப் படிக்கும் நம் தோழரின் கணக்கின் மீதும் ஐயத்தை விளைவிக்கின்றன. நம் கணக்கை நாம் நேர்மையாக வைத்திருந்தால்தான் அதைக் காட்டுக என்று கேட்கும் தகுதி நமக்கு வரும்.

பேராசிரியப் பெருமக்களே, எங்களைப் பற்றி இயந்திரம் எழுதுவதை எங்களுக்கும் காட்டுங்கள். அதில் எழுதப்படாததை எங்கள் வாயால் கேளுங்கள். வருகையை இயந்திரம் குறித்துக்கொள்ளட்டும். கற்றோமா இல்லையா என்பதை, எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள்.